அறுபதுக்கு அறுபது

லிஃப்டில் ஏழு பேர் இருந்தார்கள். போன வாரம் பாட்காஸ்டில் சொன்ன ஜோக்கையே மைக் சார் மறுபடி எடுத்துவிட்டார். கேட்ட ஜோக் என்று யாராவது நெளிந்திருந்தால்கூட அவர் சந்தோஷப்பட்டிருப்பார். கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் ரொம்ப மரியாதையாக, "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்றார்.

மைக் சார் தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

குழாய் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவர் ஊழியர் நல மேலாளர். 'நெஞ்சருகே ஒரு மைக்' என்ற பாட்காஸ்டில் வாரா வாரம் அரை மணி நேரம் பேசுவார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அறுபது ஊழியர்களும் கம்பெனி கொடுத்த போனில் அதைக் கேட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் சார், வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஸ்டேஷனரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த வாரப் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருப்பார். கம்ப்யூட்டர் கணக்குப்படி அறுபது போனிலும் நிகழ்ச்சி கடைசி நொடிவரை ஓடியிருந்தது. கல்யாண வீடியோவைப் பெண்ணைப் பெற்றவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மனைவி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். பாவம், மனிதருக்கு இருந்ததே இந்த அறுபது பேர்தான். அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"கேக்குறாங்கன்னு கணக்கு சொல்லுது," என்று தலைமை அலுவலகத்துப் பெரிய மேடம் போனில் சொல்லியிருந்தார். "உங்களுக்கும் அவங்களுக்கும் நிஜமாவே நெருக்கம் இருக்கான்னு மாசக் கடைசியில நேர்ல வந்து பாக்குறேன். இருந்தா எல்லாக் கிளைக்கும் உங்க குரல்தான். இல்லேன்னா பழையபடி வருகைப் பதிவேட்டுக்கே போயிடுங்க."

மைக் சார் கம்ப்யூட்டர் பிரிவு அம்மாவைக் கூப்பிட்டார். "நேயர்களோட உறவை வளர்க்கணும்மா. நிகழ்ச்சி முடிஞ்சதும் திரையில எழுத்துல ஒரு கேள்வி வரட்டும். பதில் எழுதினாத்தான் முடிஞ்ச கணக்கு. எழுதலேன்னா மறுபடி முதல்லேர்ந்து ஓடணும்."

"மறுபடியுமா சார்?" அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

முதல் கேள்வி, 'உங்களுக்கு என்ன தேவை?' அறுபது பதில் வந்தது. அறுபதும் ஒரே பதில்: 'உட்கார ஒரு நாற்காலி.'

மைக் சாருக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா, என்ன ஒத்துமை!"

"சார், எல்லாரும் நாற்காலியிலதானே உக்காந்திருக்கோம்?"

"உடம்பு உக்காந்திருக்கும்மா. மனசு நின்னுட்டிருக்கு. நேயரோட நாடி பிடிச்சுப் பார்க்கத் தெரியணும்."

அறுபது புது நாற்காலிகள் வந்து இறங்கின. பழையவற்றை வராந்தாவில் அடுக்கினார்கள். பாத்ரூம் போகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம், 'நாற்காலி வந்ததா?' என்று சார் குழைந்து கேட்டார். 'இல்லை. இன்னும் நிற்கிறேன். வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது' என்றார்கள் அறுபது பேரும்.

"ஏசி போதலையாம்மா! முன்னாடியே சொல்றதுக்கென்ன?" சார் ஓடிப்போய் பதினாறில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார். கணக்குப் பிரிவுக்காரர் குரங்குக் குல்லாயோடு வந்தார். கம்ப்யூட்டர் பிரிவு அம்மா விரல் மரத்துப்போய் ஒரு கடிதத்தை மூன்று தடவை அடித்தாள்.

"இப்ப இதமா இருக்கா?" என்று சார் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து விசாரித்தார்.

"ர்ர்ரொம்ப இதம் சார்," என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

மூன்றாவது வாரப் பதில்: 'மழை பெய்தால் மேலே ஒழுகுகிறது.' சார் ஆள் வைத்து மாடித் தளத்தைக் கொத்தச் சொன்னார். கல்லு மாதிரி இருந்த தளம். நாலு நாள் கொத்தி முடித்த அன்று சாயங்காலமே மழை வந்து ஒழுகி, கணக்குப் பிரிவுக்காரர் குல்லாய்க்கு மேல் குடை பிடித்து உட்கார்ந்தார்.

பெரிய மேடம் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி மூன்றேகால். வந்ததுமே சிடுசிடுவென்று இருந்தார்.

"டிரைவர் நாலு தடவை ஹார்ன் அடிச்சார். உங்க வாட்ச்மேன் திரும்பிக்கூடப் பாக்கலை. டிரைவரே இறங்கிக் கேட்டைத் திறந்தார். அங்க என்ன, ஒரே சந்தை இரைச்சல்?"

"விசாரிக்கிறேன் மேடம். முதல்ல என் நேயர்களைப் பாருங்க. இப்ப எல்லாரும் என்னைத்தான் கேட்டுட்டிருப்பாங்க."

ஆபீஸ் ஹாலின் கதவைத் திறந்தார். நிகழ்ச்சி நேரத்தில் அவர் அந்த ஹாலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அறுபது பேர் இருந்தார்கள். ஒருத்தர் கையிலும் போன் இல்லை. முந்தின நாள் மழை இன்னும் சொட்ட, இரண்டு பேர் குடைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"போனெல்லாம் எங்கே?"

கணக்குப் பிரிவுக்காரர் குல்லாயைக் கழற்றினார். "கேட்ல சார்."

கேட்டருகே ஓட்டைத் தகரம் போட்ட ஒரு காவல் அறை. உள்ளே ஒரே ஒரு பெஞ்சு. அதன்மேல் வரிசை வரிசையாக அறுபது போன்கள். அறுபதிலிருந்தும் மைக் சார் ஒரே நேரத்தில், "அன்பு நெஞ்சங்களே!" என்று அலறிக்கொண்டிருந்தார். பெரிய மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உட்கார இடமில்லாமல் வாட்ச்மேன் வெளியே வெயிலில் நின்று, ஜன்னல் வழியாகப் போன்களையே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி வந்ததும் பதில் எழுத வேண்டுமல்லவா?

நாற்காலி, வெயில், ஒழுகல் எல்லாம் மைக் சாருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. அவமானத்தில் காது மடல் எரிந்தது. வருகைப் பதிவேடு கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் பேசிப் பிழைத்த வாயாயிற்றே, சும்மா இருக்குமா?

"மேடம், அந்த அறுபது பேர் எக்கேடோ கெட்டுப் போகட்டும்!" என்று கத்தினார். "இந்த ஒரு மனுஷர் வாரா வாரம் வெயில்ல நின்னு என் பேச்சைக் கேட்டிருக்கார். நீங்க அடிச்ச ஹார்ன்கூடக் காதுல விழலைன்னா எவ்வளவு லயிச்சுப் போயிருக்கணும்! இதைவிட ஒரு நெருக்கம் உண்டா?"

மேடத்தின் முகம் கொஞ்சம் இளகியது. "அது சரிதான். ஒருத்தராவது கேட்டிருக்காரே."

மைக் சாருக்கு அது போதும். ஓடிப்போய் வாட்ச்மேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்கதான்யா என் நேயர்! நாற்காலி என்ன, உங்களுக்குச் சோபாவே போடச் சொல்றேன். மேடம்கிட்ட சொல்லுங்க, என் பேச்சுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

வாட்ச்மேன் அவர் வாயசைவையே பார்த்தார். மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துக் காதில் பொருத்தினார். உடனே முகத்தைச் சுளித்து அதை மறுபடி கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க சார், இது ஓடுறப்ப காது மெஷினைப் போட முடியாது. காது கேக்குறவங்க யாருமே ஒத்துக்கலைன்னுதானே இந்த வேலையை எனக்குக் குடுத்தாங்க!"