வசனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை

இனிமேல் சினிமா பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வதில்லை என்று முடிவெடுத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. முடிவு இதுவரை உடையவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

எழுபது வயதில் ஒரு மனுஷனிடம் மிச்சமிருப்பது அபிப்பிராயம்தான். பல் போயாச்சு, முடி போயாச்சு, வேலை எப்போதோ போயாச்சு. அபிப்பிராயம் மட்டும் நாளொரு மேனியாக வளர்ந்துகொண்டிருந்தது. அதையும் ஒருவன் விட்டுவிட்டான் என்றால் அவனுக்கு என்ன நடந்திருக்கும்? நீங்கள் யோசித்துச் சிரமப்பட வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு தியேட்டர் இருக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை காலைக் காட்சி அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். படம் முடிந்ததும் மாடி கேன்டீனில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு மூன்று நிமிஷம் அபிப்பிராயம். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர் தலைவர். அவர் சட்டைப் பையில் சின்னதாக ஒரு கைமணி எப்போதும் இருக்கும். மூன்று நிமிஷம் தாண்டினால் அடிப்பார். எனக்கு மட்டும் அவர் அடித்ததே இல்லை என்று இரண்டு வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடித்திருக்கிறார். எனக்குத்தான் கேட்கவில்லை.

ஆமாம், விஷயம் அதுதான். முப்பத்தி நாலு வருஷம் அச்சகத்தில் பெரிய மிஷின் பக்கத்தில் நின்றவன் நான். ரிட்டயர் ஆனபோது மிஷின் அங்கேயே நின்றுவிட்டது. அதன் சத்தம் மட்டும் என் காதுக்குள் குடிவந்துவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே மனுஷர்கள் பேசுவது அரைகுறையாக விழும். எதிரே நின்று வாயைத் திறந்து பேசினால் சமாளித்துவிடுவேன். சினிமாவில் யார் எனக்காக எதிரே வந்து நின்று பேசுகிறார்கள்?

ஆனால் கூட்டத்தில் எனக்குப் பட்டப்பெயரே 'வசனம்'. வழி ஒன்று வைத்திருந்தேன். எப்போதும் கடைசி ஆளாகத்தான் எழுந்திருப்பேன். "கதையைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க. நடிப்பைப் பத்தியும் சொல்லிட்டீங்க. நான் வசனத்தைப் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை சொல்றேன்" என்று ஆரம்பிப்பேன். வசனம் கூர்மை என்பேன். இடம் அறிந்து எழுதியிருக்கிறார்கள் என்பேன். தேவையில்லாத இடத்தில் வசனமே இல்லை என்பேன். எந்தப் படத்துக்கும் பொருந்தும். அடிதடிப் படத்துக்குக் கூடச் சொல்லியிருக்கிறேன், தலையாட்டினார்கள்.

என் மனைவி தலையாட்டமாட்டாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். அடுத்த வீட்டில் குழாய் சொட்டினால் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவாள். கல்யாணம் செய்துவைத்தவர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் இரண்டு காது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டும் அவளிடமே போய்விட்டன.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். நான் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் வரை படித்தேன். குறுக்கெழுத்தும் போட்டேன். பிறகு டீ கேட்கலாம் என்று எழுந்து போனால், அவள் அலமாரியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கியிருந்தது. அழவில்லை. "படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் அபிப்பிராயம் எதுவும் இல்லை.

மறுநாளிலிருந்து காது டாக்டர் பேச்சு ஆரம்பித்தது. ஃபேன் ஓடியது என்றேன். கதவு சாத்தியிருந்தது என்றேன். பேப்பரில் முக்கியமான செய்தி என்றேன். என்ன செய்தி என்று கேட்டாள், பேப்பரைத் தேடுவது போல எழுந்து போய்விட்டேன். காதில் மிஷின் மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குள் நுழைவதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது. 'வசனம்' வந்தார், காதில் ஒயரோடு வந்தார் என்று பேசுவார்கள். பேசுவது கேட்டுவேறு தொலைக்கும். ஒரு வாரம் இழுபறி. கடைசியில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்க காது நல்லா இருக்குன்னு சொல்றீங்க."

"நல்லாத்தான் இருக்கு."

"அப்போ வர்ற புதன்கிழமை நீங்க முதல்ல பேசுங்க. ஏதாவது ஒரு சீன்ல யார் என்ன பேசினாங்கன்னு அப்படியே சொல்லுங்க. சரியா இருந்தா நான் இனிமே காதுங்கிற பேச்சையே எடுக்கமாட்டேன்."

"தப்பா இருந்தா?"

"மறுநாள் காலையில டாக்டர்."

சம்மதித்தேன். என் மானம், என் மரியாதை, என் நாற்காலி எல்லாம் அந்த ஒரு சீனில் மாட்டிக்கொண்டது. ஆனால் உள்ளுக்குள் எனக்குக் குஷிதான். ஏனென்றால் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு டெய்லர் கடை இருக்கிறது. எந்தப் படமானாலும் முதல் நாளே பார்த்துவிடுவார். இந்தப் படத்தையும் பார்த்திருந்தார்.

அவள் ஓய்வெடுக்கும் நேரமாகப் பார்த்து மத்தியானம் கீழே இறங்கினேன். எனக்கு இப்போதெல்லாம் ஞாபகமறதி, முன்கூட்டியே கதை தெரிந்தால் வசதி என்று ஒரு காரணம் சொன்னேன். டெய்லர் நல்ல மனுஷன். கழுத்தில் டேப்போடு எழுந்து நின்று முழுப்படத்தையும் நடித்துக் காட்டினார். ஒரு வயசான லாரி டிரைவர்மேல் கொலைப் பழி. இடைவேளைக்குப் பிறகு கோர்ட். டிரைவரின் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறுகிறாள். சட்டை மாட்டும் பொம்மைதான் ஜட்ஜ். அவ்வப்போது "இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லுங்க" என்றேன், அவரும் தெளிவாகச் சொன்னார். எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார் என்பது தெரியும். அந்த அளவு எவ்வளவு என்பது தெரியாது.

கோர்ட் சீன் வசனம் அட்சரம் பிசகாமல் வேண்டும் என்று கேட்டேன். ஒரு நாள் டயம் கொடுங்க சார், யோசித்து எழுதிவைக்கிறேன் என்றார். மறுநாள் அளவு எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. குளிக்கும்போது, முகம் மழிக்கும்போது, நடக்கும்போது எல்லாம் மனப்பாடம் செய்தேன்.

புதன்கிழமை வந்தது. எப்போதும் போல நடுவரிசையில் உட்கார்ந்தோம். அவள் காலில் இன்னும் கட்டு இருந்தது. இடைவேளை முடிந்து கோர்ட் வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் ஆளாளுக்குப் பையைத் திறந்து பிஸ்கட் பிரிப்பதைப் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு கையும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். படம் அவ்வளவு பிடித்துப்போயிற்று போல என்று நினைத்தேன். கூண்டில் அந்த அம்மா வாயைத் திறந்தாள். என் காதில் வழக்கமான இரைச்சல். சீட்டில் இருந்தது எல்லாம் வரிசையாக மனசில் ஓடியது. உச்சுக் கொட்டினேன். துண்டால் கண்ணைத் துடைத்தேன். மனைவி பக்கம் சாய்ந்து "என்ன வசனம் பாத்தியா" என்று ரகசியமாகச் சொன்னேன். ரகசியமாகத்தான் சொன்னதாக நினைப்பு. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேன்டீனில் ஹெட்மாஸ்டர் முதலில் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். எழுந்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கோர்ட் சீன்ல அந்த அம்மா புருஷனைக் காட்டி ஜட்ஜ்கிட்ட சொல்றாங்க. 'ஐயா, இவரை நான் கூப்பிட்ட தடவையை எண்ண ஒரு ஆயுசு போதாது. இவர் திரும்பிப் பார்த்த தடவையை எண்ண ஒரு கை விரல் போதும்.' அந்தக் 'கை விரல்'னு சொல்ற இடத்துல குரல் உடையுது பாருங்க, எனக்கு உடம்பே ஆடிப்போச்சு. நானும் எத்தனையோ படத்துக்கு வசனம் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன். அதெல்லாம் வசனமே இல்லை. இதை எழுதினவங்க யாரா இருந்தாலும் அவங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்."

உட்கார்ந்தேன். கைதட்டல் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு தாளை எடுத்து, கரும்பலகையில் எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'கோர்ட் சீன் எட்டு நிமிஷமும் தியேட்டரில் சத்தமே வரவில்லை.'

இரண்டு தடவை படித்தேன். காதுதான் போயிற்று, கண் நன்றாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

எல்லாம் பிறகு தெரிந்தது. என் மனைவி அந்தக் காலோடு தாங்கித் தாங்கி ஒவ்வொரு வீடாகப் போயிருக்கிறாள். தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டரிடமும் போயிருக்கிறாள். ஒரு ஆபரேட்டர் கேட்டால் இன்னொரு ஆபரேட்டர் மறுப்பாரா? என் காது கதை அவர்கள் அத்தனை பேருக்கும் இரண்டு வருஷமாகத் தெரியும். முப்பத்தியொரு பேர், டிக்கெட் வாங்கி வந்து, நல்ல கட்டத்தில், எட்டு நிமிஷம் சத்தமில்லாமல், இருமலைக் கூட அடக்கிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. எழுந்து வட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் காலை டாக்டர். அதற்கு அடுத்த வாரம் மிஷின் வந்தது. முப்பத்தி நாலு வருஷம் மிஷினுக்குக் காதைக் கொடுத்தேன், இப்போது காதுக்கு ஒரு மிஷினைக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது. என் செருப்புச் சத்தம் கேட்டது. சமையலறையில் அவள் நடப்பது கேட்டது. ஒரு கால் பலமாகவும் ஒரு கால் மெதுவாகவும் விழுந்தது. நான் பேப்பரைக் கையில் எடுக்கவில்லை, ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த சனிக்கிழமை தியேட்டரில் எங்கள் கூட்டத்தை மறுபடி வரச்சொன்னார்கள். எட்டு நிமிஷம் பாக்கி இருக்கிறதே, பாவம், யாருக்கும் கோர்ட்டில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. "வாங்க, நல்ல வசனம்னு சொன்னீங்கல்ல" என்று மனைவி கிளப்பினாள். ஹெட்மாஸ்டர் எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். காதில் மிஷினோடு போன என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகக் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

கோர்ட் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வக்கீல்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். அந்த அம்மா கூண்டில் ஏறினாள். "லாரி அன்னைக்கு ஷெட்டுலதான் நின்னுச்சு. சாவி என் இடுப்புல இருந்துச்சு" என்றாள். ஜட்ஜ் போகலாம் என்றார். போய்விட்டாள். மறுபடி வக்கீல்கள். நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன், கோர்ட்டே முடிந்து லாரி ரோட்டுக்கு வந்துவிட்டது.

"அந்த வசனம் வரலையே" என்றேன் மனைவியிடம். இந்த முறை நிஜமாகவே ரகசியமாக.

"வராது. அது படத்துல இல்லைங்க."

"டெய்லர் எழுதிக் கொடுத்தாரே?"

"நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் எழுதிக் கொடுத்தார். முதல் நாள் நீங்க கீழே பாடம் படிச்சது மாடிக்குக் கேட்டுச்சு. தெருவுக்கே கேட்டுச்சு. கோர்ட் சீன் எப்படியும் ஓசையில்லாம ஓடப்போகுது, அதுல எதை வெச்சா என்னன்னு தோணுச்சு. உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு."

கூப்பிட்ட தடவையை எண்ண ஒரு ஆயுசு போதாது. மனப்பாடமாக இருந்த வசனம் மறுபடி மனசில் ஓடியது. அந்தச் சமையலறைத் தரை கண் முன்னால் வந்தது. நான் என்ன சொல்ல? இரண்டு வருஷமாக எல்லாப் படத்தின் வசனத்தையும் புகழ்ந்தவனுக்குச் சொந்தமாக ஒரு வரி வரவில்லை.

இருட்டில் அவள் வலது கை நாற்காலிப் பிடியைத் தாண்டி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"சொன்னீங்களே. ஒத்திக்குங்க."

பிடித்துக் கண்ணில் ஒத்திக்கொண்டேன். விடத் தோன்றவில்லை, அப்படியே வைத்திருந்தேன்.

நேர் பின்னால் மணி அடித்தது. மூன்று நிமிஷம் ஆகிவிட்டதாம்.