காலண்டர் குறித்த தேதி

மூன்றாவது தடவையும் மகளைப் போகவிடக் கூடாது என்று காலண்டர் முடிவு செய்துவிட்டார். இந்தத் தடவை நெஞ்சுவலி கிடையாது, கால் சுளுக்கு கிடையாது. அழுகை. விமான நிலைய வாசலில், கடைசி நிமிஷத்தில், நாலு பேர் பார்க்க ஓவென்று ஓர் அழுகை. முன்கூட்டியே அழுதால் சமாதானம் சொல்ல அவளுக்கு நேரம் கிடைத்துவிடும். வாசலில் அழுதால் யாரால் என்ன செய்ய முடியும்? மூன்று வாரமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு நடந்தது.

காலண்டர் என்பது ஆபீஸில் வைத்த பேர். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் கன்சோல் தயாரிக்கும் கம்பெனி அது. புதுப் பெட்டி எந்தத் தேதியில் கடைக்கு வர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. இதற்கொரு சம்பளமா என்று மனைவிகூடக் கேட்டதுண்டு. சும்மா இல்லை சார்! பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்க வேண்டும். பெற்றவர்களுக்குச் சம்பளம் வந்திருக்க வேண்டும். எதிர்க் கம்பெனிக்காரன் அசந்திருக்க வேண்டும். அவன் அசராவிட்டால், ஒரு பொய்த் தேதியை வெளியே கசியவிட்டு அவனை அசர வைக்க வேண்டும். இந்த வித்தையையெல்லாம் இருபத்தைந்து வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் அளந்து தள்ளினார். மனைவி பரிமாறிக்கொண்டே ‘உம்’ கொட்டினாள்.

மகள் பாலம் கட்டும் இன்ஜினியர். வெளிநாட்டில் வேலை கிடைப்பது இது மூன்றாவது முறை. முதல் முறை அப்பாவுக்கு நெஞ்சுவலி. டாக்டர் வாயு என்று சொல்வதற்குள் அந்த வேலை கைநழுவிப் போனது. இரண்டாவது முறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். மூன்று வாரம் நொண்டினார், காலையில் வலது கால், சாயங்காலம் இடது கால். மகள் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டு, அந்த வேலைக்கும் வரவில்லை என்று எழுதிப் போட்டாள்.

கெட்ட மனுஷன் இல்லை, பாவம். அவள் இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் எப்படித் திரும்பி வருவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“பாப்பா என்னிக்குக் கிளம்பறா?” என்று ஒன்றும் தெரியாதவர் போல மனைவியிடம் கேட்டார்.

“பதினாலாம் தேதி.”

“பதினாலா? அன்னிக்குத்தானே எங்க பெட்டி வெளிவருது! மேடையில நான் நிக்கணுமே!”

“அப்ப நீங்க நில்லுங்க. நான் போய் ஏத்திவிட்டுட்டு வரேன்.”

“அதெப்படி? பெத்த அப்பன் இல்லாமலா?”

“டிக்கெட் போட்டாச்சுங்க. உங்க பெட்டியத்தான் தள்ளி வைக்கணும்.”

“விளையாடறியா? எதிராளி பத்தாம் தேதி வர்றான். அவன் என்ன விலை போடறான்னு பார்த்துட்டு நாம பதினாலுல இறங்கறோம். இதுக்கு மேல தள்ளினா அவனே கடையக் காலி பண்ணிடுவான்.”

“ஓ...” மனைவி தட்டைத் துடைத்து அடுக்கினாள். “அவனுக்கு முன்னாடியே, ஏழாம் தேதி மாதிரி வந்துட்டா நல்லதா, கெட்டதாங்க? எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டேன்.”

காலண்டர் எழுந்தே நின்றுவிட்டார். அட! ஏழாம் தேதி! இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? தோன்றியது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸில் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினார். போன மாதம் “படைக்குப் பிந்து” என்று மேஜையைக் குத்திய அதே கை, “பந்திக்கு முந்து” என்று அதே மேஜையைக் குத்தியது. எதிராளி வரும்போது ஜனங்கள் பர்ஸில் காற்றுதான் இருக்கும் என்றார். மேனேஜர் மயங்கிவிட்டார். பெட்டிகள் ஏற்கெனவே கிடங்கில் அடுக்கியிருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. பதினாலாம் தேதிக்கு லீவும் எழுதிக் கொடுத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஏழாம் தேதி காலை. கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட்டை மகளே தேய்த்துக் கொடுத்தாள். காலரைச் சரி செய்தாள். சரியாகவே இருந்த காலரை இன்னொரு தடவை சரி செய்தாள். இவர் மேடையில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டு வரேன்ப்பா” என்றாள்.

“போறது நான்தானே பாப்பா!” என்று சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறினார். கதவு மூடுகிற வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

மேடையில் பெரிய திரை. கீழே ஐந்நூறு பேர். “பத்து! ஒன்பது! எட்டு!” என்று எல்லாரும் கத்தும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி. ‘அப்பா, உள்ளே வந்துட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்துல விமானம். மன்னிச்சுடுங்க. நல்லா பேசுங்க.’

“மூணு! ரெண்டு!” என்றார்கள். காலண்டர் மேடையை விட்டு ஓடினார். காலையில் சொல்லிக்கொண்டு போனது யார் என்று டாக்சியில்தான் அவருக்கு உறைத்தது.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“பொய்த் தேதி சொல்லியிருக்கே. எங்கிட்டயே!”

“இந்த வித்தைய வேற யாருகிட்டங்க நான் கத்துக்கிட்டேன்?”

“கடைசியா அவளைப் பார்த்து ஒரு சொட்டு அழக்கூட விடலையே, பாவி.”

“அதுக்குப் பயந்துதாங்க.”

“நான் அழுதா அவ நின்னுடுவான்னுதானே?”

“அவ நிக்க மாட்டா. நீங்க அழுதா, ‘போகாதே’ன்னு நான் சொல்லிடுவேன்.” அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “உங்க கள்ள நொண்டி எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவையும் வாயை மூடிட்டு இருந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? அவ போகக் கூடாதுன்னு எனக்கும் இருந்துச்சு. பொண்ணு ரெண்டு வேலைய விட்டது உங்களால மட்டும் இல்லீங்க.”

காலண்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்த அழுகை எங்கே போனதோ, வரவில்லை. ஒத்திகை பார்க்காத ஒன்று சத்தமே இல்லாமல் வந்தது.

மனைவியின் போன் அடித்தது. மகள்தான். “அப்பா வந்துட்டாராம்மா?” என்றாள். மனைவி போனை அவரிடம் கொடுத்தாள்.

“அப்பா... கோவமா?”

“கோவம் என்ன கோவம். சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ப்பா. கூப்பிடறாங்க, ஏறணும்.”

போகாதே என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தடுக்கப் பிடித்தார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“போயிட்டு வா பாப்பா” என்றார். “மறுபடி எப்ப வருவே? தேதிய மட்டும் சொல்லு. என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு இந்த வாசல்ல வந்து நிப்பேன்.”

அந்தப் பக்கம் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது.

“இன்னும் முடிவு பண்ணலப்பா,” என்றாள் மகள். “முடிவானதும் அம்மாகிட்ட சொல்றேன்.”