வளைந்தால் பஸ், நிமிர்ந்தால் வீடு

குறைவாக வாழ்வதே நிறைவான வாழ்வு என்ற கருத்து ஹேசல்வெர்டர் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே கிட்டத்தட்ட எல்லோரிடமும் எல்லாமே இருந்தது. அதனால் அது வேகமாகப் பரவியது. பல் டாக்டர் மூன்று மாடி வீட்டை விற்றுவிட்டு ஒரு பெரிய மரப்பீப்பாய்க்குள் குடியேறினார். பீப்பாய்க்கு வீட்டைவிட இருபதாயிரம் யூரோ கூடுதலாம். அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் அடக்கத்தோடு சொல்லிக்கொண்டார்.

ஓர்ட்வின் அந்த ஊர் நகராட்சியில், கல்லறைத் தோட்டச் செடிவேலிகளின் உயரத்தை அளக்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலி ஒரு சென்டிமீட்டர் அதிகம் வளர்ந்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. அவர் மனைவி ரோஸ்வித்தாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. காலையில் சொந்த வீட்டுச் சமையலறையில் காபி போட்டு, ஜன்னலைத் திறந்தால் எதிரே வடகடல் தெரிய வேண்டும். கடல் ஊரைத் தேடி வராது. ஆகவே வீடு போக வேண்டும் என்று முடிவாயிற்று.

"ஒரு சின்ன வேன் போதாதா?" என்று கேட்டார் ஓர்ட்வின்.

"குறைவா வாழணும்னா நிறைய இடம் வேணும் ஓர்ட்வின். இந்தப் பத்திரிகைப் படத்தைப் பாரு. ஒரு ஜாடி, சுத்தி ஒண்ணுமே இல்லை. அந்த ஒண்ணுமே இல்லாததை வைக்க இடம் வேண்டாமா?"

போக்குவரத்துக் கழகம் ஏலம் விட்ட பழைய இரட்டைப் பஸ் ஒன்றை வாங்கினார்கள். பதினெட்டு மீட்டர் நீளம். முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று, நடுவில் ரப்பர் துருத்தி. பஸ் திரும்பும்போது துருத்தி மடங்கும், தரையில் இருக்கும் வட்டத் தட்டு சுழலும். ஓர்ட்வின் அதற்கான ஓட்டுநர் உரிமம் எடுத்தார். பத்து மாதம் இருவருமாக இழைத்து, ஆணியடித்து, வெள்ளையடித்தார்கள். முன்பாதியில் சமையலறை, பின்பாதியில் படுக்கை, நடுவே வட்டத் தட்டின்மேல் சாப்பாட்டு மேசை. பணிமனைக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது ரோஸ்வித்தாவுக்கு முன்னால் இருந்த சூப் கிண்ணம் தானாகவே சுழன்று எதிர் நாற்காலிக்குப் போனது. எழுந்து பரிமாறும் வேலை மிச்சம் என்று இருவருக்கும் பரம திருப்தி.

இனி ஒரு காகிதம்தான் பாக்கி. 'இது வீட்டு வாகனம்' என்று சோதனை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வண்டிக்கு எண் கிடையாது. எண் இல்லாமல் அவர்களுக்கு முகவரி கிடையாது. பழைய குடியிருப்பின் சாவியை மாதக் கடைசியில் ஒப்படைத்தாக வேண்டும். புதிதாக வரப்போகிறவர்கள் திரைச்சீலைக்கு அளவெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சோதனை அதிகாரி கெட்டல்ஹாக் லஞ்சம் வாங்காதவர், கோபப்படாதவர், யாரையும் காக்க வைக்காதவர். இப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கவே முடியாது. சொன்ன நிமிடத்தில் வந்தார். முன்வாசலில் நின்று விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

"படுக்கை, அடுப்பு, மேசை, அலமாரி. நாலும் ஒரே அறையில இருக்கணும். அடுப்பு தெரியுது. மேசை தெரியுது. அலமாரி தெரியுது. அதோ கடைசியில படுக்கை. ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க."

ரோஸ்வித்தா கேக் வெட்டப் போனாள்.

"இப்போ கொஞ்சம் வண்டியைத் திருப்புங்க ஐயா," என்றார் கெட்டல்ஹாக்.

ஓர்ட்வின் திருப்பினார். துருத்தி மடங்கியது. கெட்டல்ஹாக் எட்டி எட்டிப் பார்த்தார்.

"படுக்கையைக் காணோமே."

"வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்குங்க."

"இருக்கலாம். நான் பார்க்கலையே. பார்க்காத படுக்கைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"சித்த முன்னாடி பார்த்தீங்களே."

"அப்போ அது வீடு. இப்போ இல்லை."

"இப்போ என்ன?" என்றாள் ரோஸ்வித்தா, கையில் கத்தியோடு.

கெட்டல்ஹாக் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவருக்கு அந்தத் தம்பதியைப் பிடித்துப் போயிருந்தது. அரைமணி நேரம் புத்தகத்தைப் புரட்டி, கடைசியில் முகம் மலர்ந்தார். "ஒரு வாகனம் ஒண்ணுமே இல்லாம இருக்க விதியில இடமில்லை. வீடு இல்லேன்னா, அது முன்னாடி என்னவா இருந்ததோ அதுதான்." சான்றிதழை அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

'மேற்படி வாகனம், ஐந்து பாகைக்கு மிகாமல் நேராக இருக்கும் நிலையில் குடியிருப்பு எனவும், அதற்கு மேற்பட்டு வளையும் நிலையில் நகரப் பேருந்து எனவும், அந்தந்த நிலைக்குரிய சகல உரிமைகளுடனும் கடமைகளுடனும் கருதப்படும்.'

"பஸ்ஸுக்கு என்ன கடமை?" என்று கேட்டார் ஓர்ட்வின்.

"வழித்தட எண், கால அட்டவணை, டிக்கெட். கையைக் காட்டினா ஏத்திக்கணும்."

"எனக்கு பஸ் விடுற எண்ணமே இல்லையே ஐயா."

"அப்போ வளையாதீங்க."

அவர் போன பிறகு ரோஸ்வித்தா சொன்னாள்: "வளைய வேண்டாம். நேராவே போயிடலாம்." மறுநாள் சாவியை ஒப்படைத்துவிட்டு நேராகவே போனார்கள். ஆயிரத்து நானூறு மீட்டர் தூரம் வீடு அருமையாக ஓடியது. அதன் பிறகு பீர் ஆலையின் மதில் வந்துவிட்டது. வடகடலுக்கு இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது, அதில் வளைவுகள் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை.

வேறு யாராக இருந்தாலும் சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கிளம்பியிருப்பார்கள். ஓர்ட்வின் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். வழித்தட எண்ணுக்கு விண்ணப்பித்தார். நாற்பத்தெட்டு கிடைத்தது. ஊரை விட்டு வெளியே போகும் வழித்தடத்துக்கு மாநில அனுமதி வேண்டும், அது வர ஒன்றரை வருஷமாகும் என்றார்கள். அதுவரை ஊருக்குள் ஓட்டுவது என்று ஏற்பாடு. ஊரில் இருந்த எல்லா மூலைகளையும் அளந்து, எந்த மூலையில் எத்தனை மணிக்கு வளைவோம் என்று அட்டவணை தயாரித்து, விளக்குக் கம்பங்களில் ஒட்டினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை என்று ரோஸ்வித்தா கவனித்தாள், கவலையும் பட்டாள்.

யாரும் ஏற மாட்டார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் ஹேசல்வெர்டரில் பஸ் நேரத்துக்கு வந்து வெகுகாலமாகியிருந்தது. தபால் நிலைய மூலையில் 9.14 என்று போட்டிருந்தது, வண்டி 9.14க்கு வளைந்தது. பாதி திரும்பிய நிலையில் நிறுத்தி, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து ஓடியது. ஓர்ட்வினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓரமாக நிறுத்திக் கெட்டல்ஹாக்குக்குப் போன் செய்தார்.

"வளைவுல ஏறினவங்க, வண்டி நேரானதும் யாரு?"

மறுமுனையில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "விருந்தாளிங்க."

"இறங்கச் சொல்லலாமா?"

"வீட்டுக்கு வந்தவங்களையா? உங்களைப் பத்தி நான் அப்படி நினைக்கலை."

ஆகவே நேரான சாலையில் ரோஸ்வித்தா எல்லோருக்கும் காபி ஊற்றி, பிளம்ஸ் கேக் வெட்டிக் கொடுத்தாள். வீட்டுக்குள் காலணி கூடாது என்பதால் இருபது ஜோடி கம்பளிச் செருப்பு வாங்கி வைத்தாள். அடுத்த மூலை வந்ததும் விருந்தாளிகள் கேக்கைக் கீழே வைத்துவிட்டு டிக்கெட்டைக் காட்டினார்கள். பஸ்ஸில் தின்பண்டம் கூடாது. நிமிர்ந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் ஊருக்கே இது பழகிவிட்டது.

மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை குடியிருப்புகளில் சத்தம் கூடாது என்பது ஊர்ச் சட்டம். ஆகவே அந்த நேரத்தில் நேராக ஓடினால் இன்ஜினை நிறுத்தியாக வேண்டும். பஸ்ஸாக இருந்தாலோ அட்டவணைப்படி ஓடியாக வேண்டும். இதற்கு ஓர்ட்வின் கண்டுபிடித்த வழியை நகராட்சி எழுத்து மூலம் பாராட்டியது. ஒரு மணி அடித்ததும் சந்தை ரவுண்டானாவுக்குள் நுழைவார். மூன்று மணிவரை வெளியே வர மாட்டார். வண்டி முழு நேரமும் வளைந்தே இருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தையை நூற்றெண்பது தடவை பார்ப்பார்கள்.

லீஸ்பெத் என்ற ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரி முதல் நாளிலிருந்தே தவறாமல் வந்தவள். ஒரு நாள் அவள் புகார்ப் படிவம் கேட்டாள்.

"என்ன குறைங்க?" என்றாள் ரோஸ்வித்தா.

"கேக் காஞ்சு போயிருக்கு."

"ஓசியில தர்றது அது."

"அதனாலதான் படிவத்துல எழுதறேன். காசு கொடுத்திருந்தா நேர்லயே சொல்லியிருப்பேன்."

மூன்றாம் மாதம் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினார்கள். தேவாலய வளைவில் பின்பாதிக்குப் போனவர்கள், ரோஸ்வித்தா தலைவலியோடு படுத்திருப்பதைக் கண்டார்கள்.

"டிக்கெட்?"

"இது என் கட்டில்."

"வளைவு முடியட்டும், அப்போ உங்க கட்டில். இப்போ அறுபது யூரோ அபராதம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி நிமிர்ந்துவிட்டது. பரிசோதகர்கள் தொப்பியைக் கழற்றி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து காபி குடித்தார்கள். அடுத்த வளைவில் அபராதச் சீட்டைக் கொடுத்தார்கள். அன்றே ஓர்ட்வின் இருவருக்கும் மாதப் பாஸ் எடுத்தார்.

"நம்ம வீட்டுல நாம இருக்க பாஸா?" என்றாள் ரோஸ்வித்தா. "எனக்கு அழுகையா வருது ஓர்ட்வின். கடலுக்குப் போகணும்னுதானே இத்தனையும் செஞ்சோம்."

"முறைப்படி போவோம்மா. அனுமதி வரட்டும்."

அனுமதி வரும் முன் புகழ் வந்துவிட்டது. தலைநகரத்திலிருந்து மெலிந்த இளைஞர்கள் வந்து கம்பளிச் செருப்பைப் படம் பிடித்தார்கள். 'பகிர்ந்து வாழ்தல்' என்பது குறைவாக வாழ்வதைவிடப் புதியது, எனவே மேலானது என்று பத்திரிகைகள் எழுதின. பல் டாக்டர் பீப்பாயை விற்றுவிட்டு நாற்பத்தெட்டுக்கு வருடப் பாஸ் வாங்கினார். நகராட்சி மற்ற மூன்று வழித்தடங்களை மூடிவிட்டு, நாற்பத்தெட்டை 'வாழும் பேருந்து' என்று அறிவித்து, பித்தளைத் தகடு பதித்தது.

அப்போதுதான் கெட்டல்ஹாக் மிகுந்த சங்கடத்தோடு வந்தார்.

"ஐயா, பஸ் ஓட்டுநர் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கணும். நீங்க வேலை செய்யிற இடத்துலயே தூங்குறீங்க. கணக்குப்படி நாலு மாசமா நீங்க தூங்கவே இல்லை. தூங்காதவரை ஓட்ட விட முடியாது."

நகராட்சி ஓட்டுநர் ஒருவர் வந்து அமர்ந்தார். ஓர்ட்வின் பயணிகளோடு பின்னால் உட்கார்ந்தார். அடுத்த வாரம் பயணிகள் சங்கத்தின் மனு வந்தது. லீஸ்பெத் முதல் கையெழுத்து. 'குறிப்பிட்ட இரண்டு நபர்கள் முதல் நிறுத்தத்துக்கு முன்பே ஏறி, கடைசி நிறுத்தத்துக்குப் பிறகும் இறங்குவதில்லை. இருக்கும் ஒரே கட்டிலையும் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். இது பகிர்ந்து வாழும் பண்பாட்டுக்கு உகந்ததல்ல.' நகராட்சி ஆராய்ந்து, ஒரு பயணம் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், இறங்கியவர் மறுபடி ஏற இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டது.

"இறங்க மாட்டேன்னு சொல்லு," என்றாள் ரோஸ்வித்தா.

ஓர்ட்வின் உத்தரவை இரண்டு தடவை படித்தார். முத்திரை சரியாக இருந்தது. "இறங்கணும் ரோஸ்வித்தா," என்றார். அவர் கை ஏற்கனவே வண்டியை நிறுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்தியிருந்தது.

தபால் நிலைய மூலையில் இருவரும் கோட்டைப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார்கள். தூறல் வேறு. நாற்பத்தெட்டு வந்து வளைந்து நின்றது. உள்ளே காபி வாசனை. பின் ஜன்னல் வழியே தெரிந்த கட்டிலில் பல் டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி நிமிர்ந்ததும் லீஸ்பெத் கையில் தட்டோடு, வாய் நிறையச் சிரிப்போடு எதிரே வந்தாள். சங்கம் அவளை உபசரிப்புப் பொறுப்பாளராக நியமித்திருந்தது.

"வாங்க வாங்க. செருப்பு அங்க இருக்கு. கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

ரோஸ்வித்தா தன் மேசையில் உட்கார்ந்து, தன் தட்டில் இருந்த கேக்கைக் கடித்தாள். ஓர்ட்வின் ஈரக் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"புகார்ப் படிவம் ஒண்ணு கொடுங்க," என்றார். "இந்த பஸ் எட்டு நிமிஷம் லேட்."