ஒன்றுமில்லைக்காரரின் கால்சட்டை

வலது கை இடுப்புப்பட்டியைப் பிரிக்கிறது, இடது கை துணியை இழுத்துப் பிடிக்கிறது. கால்சட்டையின் பின்பக்க நடுத்தையலை முக்கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சாக்பீசால் கோடு போட்டு, மெஷினில் ஒரே ஓட்டம். போட்டுப் பார்த்தால் கச்சிதம். தைத்தவர் தையல்காரர். கால்சட்டையும் அவருடையதுதான்.

ஒன்றுமில்லைக்காரர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்ன ஆயிற்று என்று கேட்டால், நீங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போலப் பார்த்து, "ஒண்ணுமில்லையே" என்பார்.

நம்மவருக்குக் கிரோன் என்ற குடல்நோய் என்று கண்டுபிடித்து நான்கு வருடம். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண், அதற்கு மாத்திரை, ஆறு மாதத்துக்கொரு முறை டாக்டர். நோயின் குடியிருப்பு கீழ்வயிறு என்று முதல் நாளே மனதில் எழுதிப் பூட்டிவிட்டார். இப்போது சில மாதங்களாக மேல்வயிறு எரிகிறது, நாலு வாய் சாப்பிட்டால் தொண்டைவரை நிறைந்துபோகிறது, சில நாள் சாப்பிட்டது அப்படியே திரும்பி வருகிறது. அதனால் என்ன? கீழ்வீட்டுக்காரன் மாடிக்கு எதற்கு வரப்போகிறான்? காப்பி காரணம், குனிந்து தைப்பது காரணம், நேற்றைய ரொட்டி காரணம். அடுத்தவர் தோள்பட்டை கால் அங்குலம் கோணினால் முழுச் சட்டையையும் பிரிக்கிற மனிதர் இவர்!

இளைத்தால் கால்சட்டை தொளதொளக்கும், நாலு பேர் கேட்பார்கள். இவருடையதுதான் தொளதொளப்பதே இல்லையே. இன்றோடு மூன்றாவது முறை பிடித்துத் தைத்தாயிற்று.

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். காலையில் இஸ்திரி போட எடுத்த மனைவி, கால்சட்டையை உள்பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, இது என்ன மூணு வரி?"

"துணி தளர்ந்துபோச்சு."

"துணி தளர்ந்துச்சா, ஆள் தேஞ்சுட்டீங்களா? இருபது வருஷமா உங்களுக்குக் காஜா போட்டுக் குடுக்கிறேன், எங்கிட்டயே கதையா?"

"ஒண்ணுமில்லம்மா."

கால்சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் எடை பார்க்கக் கூப்பிட்டபோது, "போன தடவை எவ்வளவோ அவ்வளவுதான் சிஸ்டர்" என்றார். கூட்டம் அதிகம், அந்த அம்மாவும் அப்படியே எழுதிக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல டாக்டர். வயித்துப்போக்கு நின்னுருச்சு."

அது உண்மைதான். பழைய மருந்தையே எழுதப் பேனா இறங்கியது. அதற்குள் மேசைமேல் கால்சட்டை வந்து விழுந்தது.

"உள்பக்கம் பாருங்க டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டர் திருப்பிப் பார்த்தார். "இங்க மடிஞ்சு கிடக்கே, துணி சுருங்கிடுச்சா?"

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. வயிற்றைப் பற்றி யார் என்ன தப்பாகச் சொன்னாலும் சும்மா இருப்பார். துணியைப் பற்றிச் சொன்னால்?

"என் துணி சுருங்காது டாக்டர்! நான் பிடிச்சது. ஒரு வரிக்கு முக்கால் அங்குலம், ரெண்டு பக்கமும் சேர்த்தா ஒன்றரை. மூணு வரிக்கு நாலரை அங்குலம்."

பேனா கீழே வைக்கப்பட்டது.

"எத்தனை மாசத்துல?"

"நாலு..." என்றவர் அப்போதுதான் எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்று கண்டார். பிறகென்ன, எரிச்சல், வாந்தி, நாலு வாய்ச் சாப்பாடு எல்லாம் நூல்கண்டு உருண்ட மாதிரி வெளியே வந்தன.

"இந்த நோய் வாயிலேருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும் வரலாம். கீழ இருக்கிறவங்கள்ல சிலருக்கு இரைப்பை, சிறுகுடலோட ஆரம்பம்னு மேலயும் இருக்கும். சொன்னாத்தானே தேட முடியும்? வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்திடலாம்."

பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரன் மாடியில் நன்றாகவே குடியேறியிருந்தான்: இரைப்பையில் புண், அதைத் தாண்டிக் குடல் தொடங்குமிடத்தில் வீக்கம். மருந்து மாறியது.

மூன்று மாதம் கழித்து மறுபடி வலது கை பிரித்தது, இடது கை பிடித்துக்கொண்டது. ஒரு வரி பிரிந்ததும் நூலைப் பொறுக்கி எறிந்துவிட்டு, இஸ்திரி மேசையருகே நின்ற மனைவியிடம் கால்சட்டையை நீட்டினார்.

"வயிறு எப்படி இருக்கு?"

"ஒண்ணு..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டார். "காலையில கொஞ்சம் எரிஞ்சுது."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், வாசகரே. நல்லது. உங்கள் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையை மட்டும் ஏன் கையால் மறைத்துக்கொள்கிறீர்கள்?