பாதித் தண்ணீர்

“என்ன சேர், இண்டைக்கும் மீனைக் காணேல்லை. வெறுந் தண்ணிக்கு ஏன் காத்தடிச்சுக்கொண்டிருக்கிறியள்?”

ஆய்வுகூட வாசலில் நின்றபடி அதிபர் யோகராணி கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கந்தப்பளைக்கு மேலே தேவாலயமும் தோட்டப் பள்ளிக்கூடமும் ஒரே மதிலை ஒட்டி நிற்கும் அந்த மேட்டில் ஏழு வருடக் குளிரைப் பொறுத்துக்கொண்டவர். மீனில்லாத மீன்தொட்டியை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“மீனுக்கு முந்தி பக்டீரியா வளரணும்ங்க மெடம்,” என்றான் விஞ்ஞான ஆசிரியன் சுகந்தன். “மீனோட கழிவுல அமோனியா உண்டாகும். அது மீனுக்கே நஞ்சு. அதத் திங்கிற பக்டீரியாவ மொதல்ல வளத்துட்டா, அப்புறம் மீன விட்டாலும் சாகாது. அதனாலதான் மீனுக்குப் பதிலா நானே சொட்டுச் சொட்டா அமோனியா ஊத்துறேன்.”

“அப்ப மீன்ர வேலையை நீங்கள் பாக்கிறியள்.”

“ஒரு வகையில அப்புடித்தாங்க.”

“நல்லது. அடுத்த மாசம் கல்விப் பணிப்பாளர் வாறார். அறை பாவனையில இல்லையெண்டு அவர் எழுதினால், இது சத்துணவுக் களஞ்சியம். அரிசி மூட்டை உங்கட பக்டீரியாவுக்காகக் காத்துக்கொண்டிராது.”

அந்த ஓர் அறையைப் பெறுவதற்குச் சுகந்தன் இரண்டு வருடம் கடிதம் எழுதியிருந்தான். சுற்றியுள்ள மூன்று தோட்டங்களிலும் விஞ்ஞானத்துக்கென்று வேறு கூரை கிடையாது. எனவே அவன் அவசரப்பட்டான், பக்டீரியா அவசரப்படவில்லை. குளிரில் அவை சோம்பிக் கிடப்பதாக ஐயுற்று, தன் கம்பளியைத் தொட்டிக்குப் போர்த்தினான். கம்பளியின் இருட்டில் சொட்டுகளின் எண்ணிக்கை தவறியது. மஞ்சளாக இருக்க வேண்டிய, அமோனியா கூடினால் பச்சையாகும் சோதனைக் குழாய் கரும்பச்சையாகத் திரண்டு நின்றது.

பரிகாரம் எளிது: பாதித் தண்ணீரை மாற்றினால் நஞ்சும் பாதியாகும். மாற்றினான். ஆனால் வயிற்றோட்டத்துக்குப் பயந்து தோட்டக் குழாயில் குளோரினைத் தாராளமாகக் கலந்திருந்தார்கள். அரும்பியிருந்த பக்டீரியாக்கள் மொத்தமாக மாண்டுபோயின.

“குளோரின் இல்லாத தண்ணியா?” என்றார் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜூலியன். “கோயில் பின்னால தீர்த்த டிரம் இருக்கே சேர். ஈஸ்டருக்கு ஃபாதர் மந்திரிச்சது. மூணு மாசமா சும்மா நிக்கிது.”

சுகந்தன் தயங்கினான். பூசைக்குப் பிரசங்கம் முடிந்தபின் நுழைகிறவன் அவன். ஆயினும் நின்ற நீரில் குளோரின் தானே பறந்துவிடும் என்பது விதி. விசுவாசத்தின் பேரில் தொடத் துணியாத தீர்த்தத்தை இரசாயனவியலின் பேரில் அவன் ஏற்றுக்கொண்டான்.

“நான் எடுத்தா கொறைஞ்சிராதாண்ணே?”

“அதுக்கு ஒரு கணக்கு இருக்கு சேர். பாதிக்கு மேல தீர்த்தம் இருந்தா, மிச்சத்த எந்தத் தண்ணிய ஊத்தி ரொப்புனாலும் அது தீர்த்தந்தான்.”

“கணக்குல ஒங்களுக்கு நூத்துக்கு நூறுண்ணே!” என்று சிரித்தான் சுகந்தன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை வாளிகளில் கழித்து வாசலில் வைத்தான். டிரம்மிலிருந்து தொட்டியை நிரப்பினான். மாலைக்குள் வாளிகள் காலியாகிக் கவிழ்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து முட்டைக்கோவாப் பாத்திக்கு அதிர்ஷ்டம் என்று எண்ணிக்கொள்வான்.

முதல் வாரம் பச்சை சற்றே வெளிறியது. பிறகு அசையவில்லை. அமோனியா ஊற்றுவதை அறவே நிறுத்தினான், அப்போதும் அசையவில்லை. தினமும் மாற்றினான்.

“தீர்த்தத்துக்கும் அடங்கேல்லையெண்டால், சேர், இது பேய்தான்,” என்றார் யோகராணி.

சுகந்தன் பேயை நம்பவில்லை. ஆகவே ஒரு கோட்பாட்டை உண்டாக்கினான். ‘பாதியை மாற்றினால் பாதி குறையும் என்பது சமவெளிக்குரிய விதி. உயரமும் குளிரும் கூடும் மலையகத்தில் அமோனியா, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் இயல்பு பெறுகிறது’ என்று, வரைபடங்களுடன் நாற்பது பக்கம் எழுதினான்.

பணிப்பாளர் துரைராசா வந்தார். தொட்டிக்குள் குனிந்து, வலமும் இடமும் பார்த்தார்.

“மீன் எங்கை?”

“இல்லீங்க சேர். இப்ப விட்டா செத்துரும்.”

யோகராணி கண்ணை மூடிக்கொண்டார். துரைராசா மேசையிலிருந்த சுகந்தனின் நாற்பது பக்கக் கொப்பியை எடுத்தார். ஒரு பக்கம் புரட்டியவர், கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். சுகந்தனுக்கு அரிசி மூட்டையின் வாசமே மூக்கில் அடித்தது.

“மற்ற இடங்களில நான் வாற காலமைதான் மீன் வாங்கி விடுவினம்,” என்றார் கடைசியில். “நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்க முந்தியே அது மிதக்கும். இவர் தன்ர தோல்வியைத் திகதி போட்டு எழுதி வைச்சிருக்கிறார். விதியையே கேள்வி கேக்கிறார்! தம்பி, இதை நீர் மாகாண விஞ்ஞான மாநாட்டில வாசிக்கவேணும். அறை உமக்குத்தான்.”

கையெழுத்து விழுந்தது.

“நான் முதலே சொன்னனான் சேர், இது பெரிய ஆராய்ச்சியெண்டு,” என்றார் யோகராணி.

சுகந்தனின் கண்கள் கலங்கின. அப்போது ஜூலியன் வாசலில் தலையை நீட்டினார்.

“சேர், இன்னைக்கு வாளிய வெளிய வைக்க மறந்துட்டீங்களே? நாலு கெழமையா அந்தத் தண்ணிய ஊத்தித்தானே தீர்த்த டிரம்ம ரொப்பிக்கிட்டு வர்றேன்!”