பெரிய துரையின் அரை முட்டை

கண்டியில் அந்தக் காலத்தில் கவர்னருக்கே பயப்படாதவர்கள் சிலர் இருந்தார்கள். அகப்பை அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. நான் கிளாக்கராக இருந்த அரசாங்கத் தரும ஆஸ்பத்திரியில் அவர்தான் சமையல். கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலிருந்து தூக்கிவரப்படும் காப்பித் தோட்டத்து ஜனங்கள் மருந்தை மறுப்பார்கள். அக்காவின் கஞ்சியை மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அகப்பை பேசும்.

காப்பி இலையில் நோய் விழுந்தது. அரசாங்க வருமானம் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியை நடத்திய பெரிய துரை ஓர் உத்தரவு போட்டார். அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டும் துர்ப்பாக்கியம் எனக்கு.

"இன்னையிலருந்து நோயாளிங்களுக்குப் பாதி அரிசிதானாம்க்கா."

"தொரையோட முட்டை? அவரு குதிரைக்கு நான் அவிக்கிற கொள்ளு? அதுவும் அரசாங்கச் செலவுதானே?"

"அதப்பத்தி எழுதலைங்க."

"பின்னால பாரு, கிளாக்கரே."

திருப்பிப் பார்த்தேன். வெறும் காகிதம்.

"சரி, எழுதாம விட்டத நான் எழுதிக்கிறேன்" என்றார். அவருக்கு எழுதத் தெரியாது.

மறுநாள் காலை துரையின் தட்டில், நூல் வைத்து அறுத்த அரை முட்டை. எனக்கு அரை அப்பம். வாசித்ததைத் தவிர நான் ஒரு பாவமும் அறியேன். குதிரைக்குப் பாதிக் கொள்ளு. மீதிக் கொள்ளு நோயாளிகளின் கஞ்சியில் வெந்தது.

மூன்றாம் நாள் குதிரை மேட்டில் நின்றுவிட்டது. துரை அதட்டினார், கெஞ்சினார். அது திரும்பி நேரே அக்கா சமைக்கும் குசினி வாசலுக்கு வந்து தலையை உள்ளே நீட்டியது. மேலே துரை, பழுத்த காப்பிப்பழம் போலச் சிவந்து.

"நீ என் குதிரை பட்டினி போட்டது?" துரைமார் தமிழ் அப்படித்தான்.

"பாதிதாங்க தொரை கொறைச்சேன். நாலு காலு இருந்தும் இதால மேடு ஏற முடியல. வயித்தால போய்க் கெடக்கிறவன் பாதிக் கஞ்சியக் குடிச்சிட்டு எப்படிங்க மலை ஏறுவான்?"

"உன் வேலை முடிஞ்சது!"

"முடியட்டுங்க. இத யாருகிட்ட குடுக்கணும்னு சொல்லிட்டுப் போங்க."

அகப்பையை நீட்டியபடி நின்றார். எழுந்து நிற்க முடிந்த நோயாளிகள் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். துரை வாங்கவில்லை. குதிரையிலிருந்து இறங்கி நடந்தே போனார்.

மறுநாள் புது உத்தரவு வந்தது: நோயாளிகளுக்கு முழு அரிசி; உத்தியோகத்தரின் முட்டை, அப்பம், குதிரைக் கொள்ளு எல்லாம் அவரவர் செலவு. அக்காவை நிறுத்துவதைப் பற்றி அதில் எழுதவில்லை. என் அரை அப்பமும் போயிற்று.

அடுத்த மழையில் எனக்குக் காய்ச்சல். அதே வார்டில் படுத்தேன். அக்கா என் தலையைத் தாங்கிப் பிடித்து, ஊதி ஊதிக் கஞ்சி ஊட்டினார். நாலாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. இன்னும் இரண்டு நாள் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.