ரூல் நைனாவும் நாலு டிபன் பாக்ஸும்

நான் பார்த்த மனிதர்களிலேயே, விளையாட்டைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவர் ரூல் நைனாதான். இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "ஆங், எழுதிக் குடு" என்பார்.

திருத்தணி பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் போனை ஒரு டயர்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கார் ரேஸ் பார்ப்பார். அந்த நேரத்தில் பஞ்சரோடு போனால் ரேஸ் முடிகிறவரை நாமும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். ஒரே கம்பெனிக் கார் ஜெயித்துக்கொண்டே இருந்த வருஷம் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் அங்கே ரூலை மாற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வந்த வண்டிக்கெல்லாம் காற்று இலவசம்.

அந்தக் கிறுக்கு போனுக்குள்ளேயே இருந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் ஏரியிலும் இறங்கிவிட்டது.

சித்திரையில் ஏரி வற்றியதும் அதற்குள் மொபெட் பந்தயம் நடக்கும். நைனா ஆரம்பித்து வைத்தது. நாலு ஊர், நாலு மொபெட், ஐந்து ரவுண்டு. மலைமேல் கோயில் மணி அடித்ததும் கிளம்ப வேண்டும். முதல் பரிசு எவர்சில்வர் குடம். இரண்டாம் பரிசு டிபன் பாக்ஸ். மணவூர், திருவாலங்காடு ஆட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் சும்மா வருவார்கள். திருத்தணிக்கு நான், ஒயரிங் வேலை செய்கிறவன். பொதட்டூர்பேட்டைக்கு லோகு. அவன் வீட்டில் தறி. லுங்கி மூட்டைகளை மொபெட்டில் கட்டிக் கடை கடையாகப் போடுவான். எதிரே வந்தால் மூட்டைக்கு நடுவில் இரண்டு கண் மட்டும் தெரியும்.

நைனாவின் நோட்டில் ரூல் நம்பர் ஒன்று: அடுத்தவன் வண்டியில் கை வைக்கக் கூடாது. முதல் வருஷம் என் பங்காளி ஆர்வக்கோளாறில் என் மொபெட்டைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிட்டான். பாதி ரவுண்டு போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு, கோட்டிலிருந்து மறுபடி கிளம்பச் சொன்னார். "கை பட்டா பட்டதுதான்" என்றார். லோகு ஜெயித்தான், எனக்கு டிபன் பாக்ஸ். அதிலாவது ஒரு நியாயம் இருந்தது.

இரண்டாவது வருஷம் நோட்டில் புது ரூல். போன வருஷம் ஜெயித்தவன் ஒரு அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

லோகுவுக்கு மூட்டை இல்லாமல் ஓட்டித்தான் பழக்கமில்லை. முதல் வருஷம் காலி வண்டியில் அவன் ஆடிக்கொண்டே வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், நைனாவைத் தவிர. மூட்டை ஏறியதும் வண்டி ஆணி அடித்த மாதிரி ஆடாமல் அசையாமல் ஓடியது. மணவூர்க்காரனை ஒரு முழு ரவுண்டு முந்தினான். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "பாவா, தங்கச்சிக்கு டிபன் பாக்ஸு ஒண்ணு போதுமா, இன்னும் வேணுமா?" என்றான். என் பெண்டாட்டி அவனுக்கு எந்த வகையிலும் தங்கச்சி இல்லை, நான் அவனுக்கு மச்சானும் இல்லை.

மூன்றாவது வருஷம், நடுவில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபுக்கு ஒரு ஒட்டு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதே பங்காளி. லோகுவுக்கு அவன் பெண்டாட்டி. தறியில் அறுந்த நூலை நாம் பார்ப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுகிற கை. அந்த அம்மா சக்கரத்தை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, "ஸ்பேனர் வேணுமாண்ணா?" என்று கேட்டது. பங்காளி அதைத்தான் அதுவரை தேடிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க வந்த ஜனம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் நான் ட்யூபுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு பேரும் என்னைவிட மோசம். அதனால் இரண்டாவது டிபன் பாக்ஸுக்கு அப்புறம் மூன்றாவது.

நான்காவது வருஷம்தான் கொடுமை. "இந்த வாட்டி கடைசியா வர்றவன் அடுத்த வருஷம் ஒரு ரவுண்டு முன்னாடி நின்னு கிளம்பலாம்" என்று பந்தயம் தொடங்குவதற்கு முன்பே மைக்கில் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேரும் கடைசியாக வரப் பார்த்தோம். ஐந்து ரவுண்டும் உருட்டி முடித்து, கோட்டுக்கு முன்னால் நாலு வண்டியும் வரிசையாக நின்றுவிட்டன. யாரும் தாண்டவில்லை. நைனா நோட்டைப் புரட்டினார், நிற்கக் கூடாது என்று ரூல் இல்லை. வெயில் இறங்கியது. கடைசியில் லோகு, "கடை மூடிடுவாங்க, சரக்கு போடணும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனான். ஜெயித்தான். என் பிரேக் பழசு. சரிவில் வண்டி தானாக நகர்ந்து கோட்டைத் தாண்டியதில் நான் இரண்டாவது.

நாலு டிபன் பாக்ஸ். வீட்டில் நாங்கள் இருப்பதே இரண்டு பேர்.

அந்தக் குடத்தை ஒரே ஒரு தடவை, லோகுவை முந்தி, வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. பிரேக் மாற்றினேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஏரியில் பத்து ரவுண்டு ஓட்டினேன். ஐந்தாவது வருஷம் நைனா நோட்டைத் திறந்தார்: மூன்று தடவைக்குமேல் ஜெயித்தவன் ஓட்டக் கூடாது.

லோகு ஏரிக்கரையிலிருந்தே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பின்னாலேயே பாதி ஜனம் போனது. போன வருஷம் கடைசியாக வந்தவன் ஒரு ரவுண்டு முன்னால் நின்று கிளம்பியும் நான் ஜெயித்தேன். கை தட்டியது பங்காளி ஒருவன்தான். குடத்தை வீட்டில் வைத்ததும் என் பெண்டாட்டி கேட்டாள்.

"லோகு அண்ணன் வரலியா?"

"வரல."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அதில் மாட்டுக்குத் தவிடு கொட்டி வைத்தாள்.

குடத்தைத் தவிட்டோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இன்னா நைனா, என்னிய பிச்சக்காரன்னு நெனச்சிகினியா?"

"டேய், ஒருத்தனே ஜெயிச்சிகினு இருந்தா எவன்டா பாக்க வருவான்? அதான் அங்க கார் ரேஸ்லயும் ரூலு மாத்தறான்."

"மாத்தி இன்னா கிழிச்சான்? முன்னாடி போறவன் ரூலயும் நமக்கு முன்னாடி படிச்சிக்கறான். நீ அவனுக்குப் போட்ட பிரேக்கெல்லாம் என் வண்டிக்குத்தான் பிடிச்சிது. லோகு ஜெயிக்கறத பாக்க எவனும் வரல நைனா. அவன் என்னிக்கு தோப்பான்னு பாக்கத்தான் இத்தினி ஜனம் வந்திச்சு. நீ ஆளயே தூக்கிட்ட."

நைனா தவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையைச் சாத்தினார். "வா, பேட்டைக்குப் போலாம்" என்றார்.

என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தவர், பொதட்டூர்பேட்டை வரைக்கும் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா போடா, மெதுவா போடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள்.

தறி சத்தத்துக்கு நடுவே நின்று, "அந்த ரூலு கேன்சல்" என்றார் நைனா. அவர் கேன்சல் செய்த ஒரே ரூல் அது.

லோகு தறியை நிறுத்தினான். "வர்றேன். ஆனா நானும் ஒரு ரூலு சொல்லுவேன். பந்தயத்துக்கு முன்னாடி ரூலு போடறவரும் ஒரு ரவுண்டு ஓட்டணும்."

நைனா நோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எனுக்கு ஓட்டத் தெரியாதுப்பா" என்றார்.

ஊரில் உள்ள அத்தனை டயரையும் கழற்றி மாட்டிய ஆள். கடைக்கும் வீட்டுக்கும் ஏன் நடந்தே போகிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. லோகுவுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்போ வேணாம் நைனா" என்றான்.

"ரூலுன்னா ரூலுதான்" என்று நைனா நோட்டில் எழுதிக்கொண்டார்.

இந்தச் சித்திரையில் ஓட்டினார். ஹெல்மெட், முழங்காலில் பழைய ட்யூப் கட்டு, கண்ணில் பயம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி ரவுண்டில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"டேய், விடுடா. நானே போறேன்."

"விட்டுட்டேன் நைனா."

"விட்டுட்டியா?"

"ஆங், எப்பவோ விட்டுட்டேன். நேரா பாத்து ஓட்டு."

விடவில்லை. ஏரி முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோட்டுக்கு வந்தபோது எனக்கு நுரை தள்ளியது. மலையில் மணி அடித்தது. லோகு கிளம்பாமல், "தண்ணி குடிச்சிட்டு வா பாவா, அடுத்த மணிக்குப் போலாம்" என்றான். அடுத்த மணிக்குப் போனோம். மயிரிழையில் தோற்றேன். இப்போது வீட்டில் ஐந்து டிபன் பாக்ஸ்.

முழு ரவுண்டையும் தனியாகவே ஓட்டியதாக நைனா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரூல் நம்பர் ஒன்றின்படி அந்த ரவுண்டு செல்லாது. தன் நோட்டைத் தவிர வேறு எதையும் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பஞ்சர் ஒட்டுகிற சாக்கில் உங்களில் யாராவது போய் அவரிடம் சொன்னால், அப்புறம் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்.